தேசாதிபதியின் விருந்து மேசை

மெல்பேர்ண் நகரில் தம்பி குடும்பத்தோடு தங்கியிருந்த நாட்களில், ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை அவன் என்னை யாரா ஆற்றுக்குத் தெற்கேயுள்ள பூங்காவுக்கு அழைத்துச் சென்றான். ஒரு புறம் தாவரவியற் பூங்கா. மரங்களுக்கு மேலாக ஒரு கோபுரம் தெரிந்தது. அது தேசாதிபதிகள் வாழும் மாளிகை என்றான். அருகே ஓடும் வீதிக்கு லின்லித்கோ என்று பெயர். வீதியோரத்தில் உயர்ந்த பீடமொன்றின் மேல், குதிரையில் அமர்ந்திருக்கிறார் ஒரு பிரபு. வெண்கலச் சிலை.

"உவர் ஆரெண்டு தெரியுமோ அண்ணா? இருவது வருசமா இந்த வழியாலை போறன். ஒருநாளும் நிண்டு வாசிச்சதில்லை" என்றான் தம்பி.

"தெரியும். விருந்து வைக்கக் காசு போதாதெண்டு வேலையை விட்டிட்டுப் போன மனிசன்" என்றேன்.

அவன் சிரித்தான். "காசு போதாதெண்டு போனவருக்கோ சிலை? அப்பிடியெண்டா எங்கடை அப்பாவுக்கும் ஒண்டு வைச்சிருக்க வேணும்."

விளையாட்டாகச் சொன்ன வார்த்தைதான். ஆனால் அதன் பிறகு இருவரும் சற்று நேரம் பேசாமல் நின்றோம். அந்த மௌனத்தின் காரணத்தைக் கட்டுரையின் பின்பகுதியில் சொல்கிறேன். முதலில் குதிரை மேல் இருப்பவரின் கதையைச் சொல்லிவிடுகிறேன்.

அவர் பெயர் ஜோன் ஹோப். ஹோப்டவுண் பிரபு என்பதே அக்காலத்தில் வழங்கிய பெயர். ஸ்கொட்லாந்து நாட்டு நிலப்பிரபு குடும்பத்தவர். 1889இல், 29 வயதில், விக்டோரியாக் குடியேற்றத்தின் தேசாதிபதியாக மெல்பேர்ணுக்கு வந்தார். 1895 வரை அந்தப் பதவியில் இருந்தார். குதிரையேற்றத்தில் விருப்பமுடையவர், தாராளமாக விருந்து வைப்பவர், மக்களுக்கு அவரைப் பிடித்திருந்தது. ஆகவே ஆறு குடியேற்றங்களும் ஒன்றிணைந்து 1901 ஜனவரி 1ஆம் திகதி அவுஸ்திரேலியா என்ற ஒரே நாடாக உருவானபோது, அதன் முதலாவது மகாதேசாதிபதியாக அவரையே இலண்டன் அனுப்பியது. வரும் வழியில் இந்தியாவில் நெருப்புக் காய்ச்சல் பற்றிக்கொண்டது. நோயாளியாகத்தான் சிட்னியில் வந்து இறங்கினார்.

அவுஸ்திரேலிய அரசியலமைப்பின் 3ஆம் பிரிவு மகாதேசாதிபதியின் சம்பளத்தைத் தெளிவாக எழுதி வைத்திருந்தது: ஆண்டுக்கு 10,000 பவுண். பதவியில் இருக்கும் காலத்தில் அந்தச் சம்பளத்தை மாற்றக் கூடாது என்றும் அதே பிரிவு சொன்னது. 10,000 என்ற தொகை புதியதல்ல. கனடாவின் 1867ஆம் ஆண்டுச் சட்டத்திலும் மகாதேசாதிபதிக்கு அதே தொகைதான். அடுத்த ஆண்டிலேயே கனடா நாடாளுமன்றம் அதை 6,500 பவுணாகக் குறைக்க ஒரு சட்டமூலத்தை நிறைவேற்றியது. இலண்டன் அதற்கு அங்கீகாரம் தரவில்லை. பணம் கனடாவினுடையது, மறுக்கும் உரிமை இலண்டனுடையது. குடியேற்ற ஆட்சியின் கணக்குப் புத்தகத்தை விளங்கிக்கொள்ள இந்த ஒரு நிகழ்வே போதும்.

ஹோப்டவுணுக்கு 10,000 பவுண் போதவில்லை. மெல்பேர்ணில் ஒரு மாளிகை, சிட்னியில் ஒரு மாளிகை. இரண்டு நகரங்களும் ஒன்றோடொன்று போட்டியிட்டுக்கொண்டிருந்த காலம் அது. ஒரு நகரில் வைத்த விருந்தை மற்ற நகரிலும் வைக்காவிட்டால் மனத்தாங்கல் வரும். 1901 மே 9ஆம் திகதி, பின்னாளில் ஐந்தாம் ஜோர்ஜ் மன்னராகப் போகிற இளவரசர் வந்து முதலாவது நாடாளுமன்றத்தைத் திறந்துவைத்தார். அரச குடும்பம் வந்தால் வரவேற்பும் அதற்கு ஏற்றாற்போல இருக்க வேண்டும் அல்லவா? பிரபு தம் சொந்தப் பணத்தையும் சேர்த்துச் செலவழித்தார்.

1902இல் பிரதமர் எட்மண்ட் பார்ட்டன் ஒரு சட்டமூலத்தைக் கொண்டுவந்தார். மகாதேசாதிபதியின் மாளிகைச் செலவுகளுக்கும் உபசரணைக்குமாகச் சம்பளத்துக்கு மேலதிகமாக ஆண்டுக்கு 8,000 பவுண் கொடுப்பனவு வழங்குவதே அதன் நோக்கம். சம்பளத்தை மாற்ற முடியாது என்று அரசியலமைப்புச் சொல்லிவிட்டது. கொடுப்பனவு என்று வேறொரு பெயரில் கொடுத்தால் என்ன என்பது வாதம். நாடாளுமன்றம் உடன்படவில்லை. அரச குடும்பத்தின் வருகைக்கான செலவுக்கென்று ஒரே ஒரு தடவை 10,000 பவுண் கொடுக்க இணங்கியது. ஆண்டுதோறும் கொடுப்பனவு என்ற பேச்சுக்கு இடமில்லை என்றுவிட்டது.

உறுப்பினர்களை நாம் கஞ்சர் என்று சொல்லிவிட முடியாது. நாடு நெடிய வரட்சியில் கிடந்த காலம் அது. 1902 அதன் மிகக் கொடிய ஆண்டு. 8,000 பவுண் என்றால் எவ்வளவு என்று விளங்கிக்கொள்ள ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஐந்து ஆண்டுகள் கழித்து, 1907இல், நீதிபதி ஹிக்கின்ஸ் ஒரு புகழ்பெற்ற தீர்ப்பை வழங்கினார். ஒரு தொழிலாளியும் மனைவி மக்களும் சிக்கனமாகவேனும் மனிதராக வாழ நாளொன்றுக்கு 7 ஷில்லிங் வேண்டும் என்றார் அவர். வாரத்துக்கு ஆறு நாள் வேலை என்று கொண்டால் ஆண்டுக்கு ஏறத்தாழ 109 பவுண். ஆக, மகாதேசாதிபதி விருந்துக்கென்று கேட்ட தொகை 73 தொழிலாளர் குடும்பங்களின் ஓராண்டு வாழ்வு. அந்தத் தொழிலாளரின் வாக்கைப் பெற்று வந்த உறுப்பினர் ஒருவர் எப்படிக் கையை உயர்த்துவார்?

ஹோப்டவுண் தம்மைத் திரும்ப அழைத்துக்கொள்ளுமாறு குடியேற்ற நாட்டுச் செயலாளர் ஜோசப் சேம்பர்லெயினுக்கு அறிவித்தார். 1902 ஜூலையில் கப்பலேறினார். மகாதேசாதிபதியாக அவர் இருந்தது ஒன்றரை ஆண்டு. அதே ஆண்டின் இறுதிப் பகுதியில் அவருக்கு லின்லித்கோ மாக்விஸ் பட்டம் கிடைத்தது. 1908இல் பிரான்சில் காலமானார். 1911இல் மெல்பேர்ண் நகரம் அவருக்குச் சிலை வைத்தது. உயிரோடிருந்தபோது 8,000 பவுணுக்கு மறுத்தவர்களும் இறந்த பிறகு வெண்கலத்துக்கு மறுக்கவில்லை.

தமிழ் வாசகர்கள் லின்லித்கோ என்ற பெயரை வேறோர் இடத்தில் சந்தித்திருப்பார்கள். 1936 முதல் 1943 வரை இந்தியாவின் வைஸ்ரோயாக இருந்தவர் இவருடைய மூத்த மகன். 1939 செப்ரெம்பரில், இந்தியத் தலைவர்கள் ஒருவரையும் கலந்து பேசாமல், இந்தியா போரில் இறங்கிவிட்டது என்று அறிவித்தவர் அவர்தான். தகப்பனுக்கு விருந்துச் செலவைத் தர மறுக்க அவுஸ்திரேலியருக்கு ஒரு நாடாளுமன்றம் இருந்தது. மகன் போர் என்று அறிவித்தபோது மறுத்துச் சொல்ல இந்தியருக்கு அப்படியொரு மன்றம் இருக்கவில்லை.

இனிப் பதில் மனிதரின் கதைக்கு வருவோம். பத்திரிகைக்காரனான எனக்கு எப்போதும் அங்கேதான் கண் போகும்.

ஹோப்டவுண் போனதும் அவருடைய இடத்தில் பதில் கடமையாற்ற வந்தவர் டெனிசன் பிரபு. கவிஞர் டெனிசனின் மகன். 1899 முதல் தென் அவுஸ்திரேலியாவின் தேசாதிபதியாக இருந்தவர். அவர் மேலே போகவே, தென் அவுஸ்திரேலியாவை அங்கிருந்த பிரதம நீதியரசர் சாமுவேல் வே பதிலுக்குக் கவனித்தார். இதற்கிடையே பிரதமர் பார்ட்டன் மன்னரின் முடிசூட்டு விழாவுக்கும் மாநாட்டுக்குமாக இலண்டன் போயிருந்தார். அல்பிரட் டீக்கின் பதில் பிரதமர். ஆக 1902 ஜூலையில் அவுஸ்திரேலியாவின் மகாதேசாதிபதியும் பதில், பிரதமரும் பதில். நாடு ஒன்றும் முழுகிப் போகவில்லை.

இந்தப் பதில் மனிதரையும் அரசியலமைப்பு மறந்துவிடவில்லை. 4ஆம் பிரிவு அவருக்கென்றே எழுதப்பட்டது. மகாதேசாதிபதியின் கடமையை ஒருவர் நிருவகிக்கும் காலத்தில், மத்திய அரசிடமிருந்து வேறெந்தப் பதவிக்காகவும் அவர் சம்பளம் பெற முடியாது என்கிறது அது. இரண்டு கதிரையில் இருந்து இரண்டு சம்பளம் எடுக்காதே என்பது பொருள். அந்த நாட்டின் தந்தையர் ஓர் அரசியலமைப்புக்குள் இந்த விஷயத்தை எழுதி வைத்ததைப் படித்தபோது எனக்கு வியப்பாக இருந்தது. பதில் கடமையாற்றுவோரின் ஊதியம் என்பது எவ்வளவு பழைய தகராறாக இருந்திருக்க வேண்டும்!

உண்மையில் அது பழைய தகராறுதான். பத்தொன்பதாம் நூற்றாண்டில் பிரித்தானியக் குடியேற்றங்களில் பொதுவாக இருந்த ஏற்பாடு பாதிக்குப் பாதி. தேசாதிபதி விடுமுறையில் போனால் அவருக்குப் பாதிச் சம்பளம். அவருடைய இடத்தில் இருப்பவர் மற்றப் பாதியையும் தம் சொந்தப் பதவியின் சம்பளத்தில் பாதியையும் பெறுவார். காகிதத்தில் நியாயமான கணக்கு. ஆனால் மேசை பாதியாவதில்லை. துறைமுகத்துக்கு வரும் கடற்படைத் தளபதி பாதிப் பசியோடு வருவதில்லை. மன்னரின் பிறந்தநாள் விருந்துக்குப் பாதிப் பேரை மட்டும் அழைக்க முடியாது. சம்பளத்தை இரண்டாகப் பிரித்தார்கள். செலவு மட்டும் முழுதாகப் பதில் மனிதரின் தலையில் இறங்கியது.

இதற்கான விடையைக் கடற்படை முன்னரே அறிந்திருந்தது. பிரித்தானியக் கடற்படையின் தளபதிகளுக்குச் சம்பளத்துக்குப் புறம்பாக 'மேசைப் பணம்' என்ற ஒன்று உண்டு. சம்பளம் மனிதருக்கு, மேசைப் பணம் மேசைக்கு. பிற்காலத்தில் பல குடியேற்றங்களின் மதிப்பீட்டுப் புத்தகங்களிலும் தேசாதிபதியின் சம்பளம் ஒரு வரியாகவும் கொடுப்பனவு இன்னொரு வரியாகவும் பிரிந்தன. சிறிய மாற்றம்தான். ஆனால் இது மனிதருடைய பணம், இது மேசையினுடைய பணம் என்று யாரும் பார்த்துச் சொல்லக்கூடியதாகிவிட்டது.

நம் நாட்டுத் தேசாதிபதிகளுக்கு மேசைகள் குறைவாக இருக்கவில்லை. கொழும்பில் ஒரு மாளிகை, கண்டியில் ஒன்று, நுவரெலியாவில் ஒன்று. கல்கிசைக் கடற்கரையில் மெயிட்லண்ட் கட்டிய வீட்டை, எட்வேர்ட் பார்ண்ஸ் பெருமாளிகையாக ஆக்கினார். பின்னர் அது தனியார் கைக்குப் போய், இன்று புகழ்பெற்ற ஹோட்டலாக நிற்கிறது. பார்ண்ஸ் காலத்தில் இலங்கையின் செலவு வருமானத்தை மிஞ்சியிருந்தது. கணக்கைப் பார்க்க 1829இல் கோல்புறூக் வந்து இறங்கினார். உத்தியோகத்தர்களின் செலவைக் குறைக்கச் சொன்னார். அந்த விசாரணையின் பயனாக 1833இல் நமக்கு ஒரு சட்டநிரூபண சபை கிடைத்தது. அந்தச் சபையின் பிறப்பிலேயே ஒரு செலவுக் கணக்கு இருக்கிறது என்பதை நம் வரலாற்று நூல்கள் அவ்வளவாக அழுத்திச் சொல்வதில்லை.

அந்தச் சபையில் நடந்த மிகப் பெரிய பணத் தகராறும் ஒரு பதில் தேசாதிபதியின் காலத்தில்தான் வந்தது. 1863இன் இறுதியில் சார்ள்ஸ் மக்கார்த்தியின் ஆட்சி முடிந்தது. நிரந்தரத் தேசாதிபதியாக ஹேர்க்கியூலிஸ் ரொபின்சன் பதவியேற்றது 1865இல். இடைப்பட்ட காலத்தில் பதில் கடமையாற்றியவர் படைத்தளபதி ஓபிரையன். இலங்கையில் நிற்கும் படைகளின் செலவை இலங்கையே சுமக்க வேண்டும் என்றது இலண்டன். எவ்வளவு என்று கேட்கவும் மறுக்கவும் எங்களுக்கு உரிமை இல்லையா என்று கேட்டனர் உத்தியோகப்பற்றற்ற உறுப்பினர்கள். ஜோர்ஜ் வோல், சார்ள்ஸ் லொறென்ஸ் முதலானோர் 1864 நவம்பரில் பதவி துறந்து வெளியேறினர். படைச் செலவைக் கொடு என்று சபையிடம் கேட்க நேர்ந்தவர் படைக்கும் தளபதி, நாட்டுக்கும் பதில் தேசாதிபதி. இலண்டனின் கட்டளையை மாற்ற அவருக்கு அதிகாரம் இல்லை. அதனால் வந்த கோபத்தைத் தாங்குகிற இடத்தில் மட்டும் அவர் இருந்தார். பதில் கடமை என்றால் அநேகமாக அதுதான்.

இவ்வளவு தூரம் தேசாதிபதிகளின் கதையைச் சொன்னதற்கு ஒரு காரணம் உண்டு. நான் நாடாளுமன்றச் செய்தியாளனாக வேலை தொடங்கியது தொண்ணூறுகளின் முற்பகுதியில். வரவு செலவுத் திட்டத்தின் குழுநிலை விவாதம் வரும்போது, தடித்த மதிப்பீட்டுப் புத்தகங்களைப் புரட்டிச் செய்தி தேட வேண்டும். எனக்கு மூத்த செய்தியாளர் ஒருவர் ஒரு பாடம் சொல்லித் தந்தார்: "தம்பி, கூட்டுத்தொகையைப் பாராதை. அதை எல்லாரும் எழுதுவினம். சின்ன வரியைப் பார். மனிசன் அங்கைதான் ஒளிச்சிருப்பான்."

அப்படிப் பார்த்த ஒரு நாளில் ஓர் அமைச்சின் உபசரணைச் செலவு கண்ணில் பட்டது. முந்திய ஆண்டைவிட இரண்டு மடங்கு. இளரத்தம் அல்லவா? வடக்கிலும் கிழக்கிலும் சனம் நிவாரண அரிசிக்கு வரிசையில் நிற்கும்போது இவர்கள் விருந்துண்கிறார்கள் என்ற தொனியில் எழுதினேன். ஆசிரியர் நல்ல இடம் கொடுத்துப் போட்டார். இரண்டு நாள் எனக்குக் கால் நிலத்தில் படவில்லை.

மூன்றாம் நாள் ஒரு தொலைபேசி அழைப்பு. அந்த அமைச்சில் பணியாற்றிய தமிழ் உத்தியோகத்தர் ஒருவர். பதில் கடமையாற்றிக்கொண்டிருந்தவர். கோபப்படவில்லை. "தம்பி, நல்லா எழுதியிருக்கிறீர். போன மாசம் எங்கடை பத்திரிகையாளர் மாநாட்டுக்கு வந்தனீர் எல்லோ? மத்தியானச் சாப்பாடும் சாப்பிட்டனீர். அந்தப் பற்றுச்சீட்டும் உந்த வரிக்குள்ளைதான் இருக்கு. போன வருசம் அந்த வரியிலை காசு முடிஞ்ச பிறகும் ஆக்கள் வந்துகொண்டுதான் இருந்தவை. மிச்சத்தை ஆர் குடுத்ததெண்டு நீர் கேக்கேல்லை."

கேட்கவில்லைதான். அந்த மதியம் கோழிப் புரியாணி என்பதுகூட எனக்கு நினைவுக்கு வந்தது. தொலைபேசியை வைத்த பிறகு நெடுநேரம் அப்படியே இருந்தேன். அன்று என் மனத்தில் வந்து நின்றது அந்த அமைச்சோ உத்தியோகத்தரோ அல்ல. என் அப்பா.

எங்கள் அப்பா யாழ்ப்பாணத்துக் கிராமப் பாடசாலை ஒன்றில் ஆசிரியர். எழுபதுகளின் இறுதியில் அங்கிருந்த அதிபர் இளைப்பாறினார். புதியவர் வரும்வரை அப்பா பதில் அதிபர். ஒரு தவணைக்கு என்று சொன்னார்கள். மூன்று ஆண்டுகள் நீண்டது. பதில் கடமைக்குரிய கொடுப்பனவு வரும் என்று கோவை ஒன்று திறக்கப்பட்டது. அப்பா இளைப்பாறும்வரை அந்தக் கோவை ஓர் அலுவலகத்திலிருந்து இன்னோர் அலுவலகத்துக்குப் போய்க்கொண்டே இருந்தது. பணம் வரவில்லை.

ஆனால் ஆட்கள் வந்தார்கள். வட்டாரக் கல்வி அதிகாரி வருவார். கட்டடம் பார்க்க ஒருவர் வருவார். விளையாட்டுப் போட்டிக்குப் பிரதம விருந்தினர் வருவார். அவருடன் நாலு பேர் வருவார்கள். பாடசாலைக்கு வந்தவரை வெறுங்கையோடு அனுப்புவது எங்கள் ஊரில் நடக்காது. அதிபரின் வீட்டில்தான் சாப்பாடு என்பது எழுதப்படாத விதி. நிரந்தர அதிபராயிருந்தவருக்குக் காணி இருந்தது, புகையிலைத் தோட்டம் இருந்தது. எங்களுக்கு ஆசிரியச் சம்பளம் மட்டும். அவருடைய மேசை அப்படியே எங்கள் வீட்டுத் திண்ணைக்கு வந்து சேர்ந்தது.

எனக்கு அப்போது ஒன்பது வயது. சந்திக்கடைக்கு ஓடிப் போய்ச் சோடாப் போத்தல் வாங்கி வருவது என் வேலை. தம்பிக்கு ஆறு வயது. வந்தவர்கள் மிச்சம் விடும் சோடாவுக்காகக் கதவுக்குப் பின்னால் நிற்பது அவன் வேலை. "இஞ்சை பாரும், நாளைக்கு மூண்டு பேர் வருகினம்" என்று அப்பா சொல்லுவார். அம்மா ஒன்றும் சொல்ல மாட்டா. கோழிக்கூட்டுப் பக்கம் ஒரு பார்வை பார்ப்பா. ஒரு முறை கோழியும் இல்லை, காசும் இல்லை. அன்று பிற்பகல் அம்மா சேலை மாற்றிக்கொண்டு யாழ்ப்பாணம் போய் வந்தா. அடுத்த நாள் சாப்பாடு நன்றாக இருந்தது. அம்மாவின் கழுத்துத்தான் வெறுமையாக இருந்தது. அந்தச் சங்கிலி அடைவிலிருந்து மீளப் பத்து மாதம் எடுத்தது.

அப்பா முறைப்பட்டு நான் கேட்டதில்லை. ஆனால் எல்லாவற்றையும் எழுதி வைத்திருந்தார். அவர் காலமான பிறகு, பழைய பெட்டிக்குள்ளிருந்து ஒரு சி.ஆர். கொப்பி அகப்பட்டது. முதற்பக்கத்தில் 'வந்தோர்' என்று தலைப்பு. அதற்குக் கீழே திகதி, வந்தவரின் பதவி, என்ன கொடுத்தது, செலவு என்று நாலு நிரல். பெயர்கள் இல்லை, பதவிகள் மட்டும். சங்கிலி அடைவு வைத்த 600 ரூபாவும் ஒரு வரியாக இருந்தது. கொடுப்பனவு வந்தால் காட்டலாம் என்று எழுதினாரா, அல்லது எழுதுவது அவருடைய பழக்கமா, தெரியவில்லை. அந்தக் கொப்பியை யாரும் ஒருநாளும் கேட்கவில்லை.

பல ஆண்டுகள் கழித்து ஹோப்டவுணின் கதையைப் படித்தபோது எனக்கு முதலில் வந்தது கோபம். 10,000 பவுண் சம்பளத்தோடு, போதவில்லை என்று பதவியை விட்டுப் போக முடிந்த மனிதர்! அப்பாவால் விட்டுப் போக முடியவில்லையே. போனால் பாடசாலைக்கு ஆள் இல்லை. ஊர் என்ன சொல்லும்?

பிறகு யோசித்துப் பார்த்தபோது அந்தக் கோபம் கொஞ்சம் தணிந்தது. பிரபுவும் ஒரு வகையில் சரியான கேள்வியைத்தான் கேட்டார். நீங்கள் மேசையைக் கேட்கிறீர்கள். அதற்குக் காசு யாருடையது என்று சொல்லுங்கள் என்றார். மக்களின் பிரதிநிதிகளும் நேராகப் பதில் சொன்னார்கள்: எங்களுடையது அல்ல. அந்தப் பதிலில் நியாயம் இருந்தது. ஒரு குறையும் இருந்தது. விருந்து வேண்டாம் என்று அவர்கள் சொல்லவில்லை. காசு தரமாட்டோம் என்று மட்டும் சொன்னார்கள். அதன் விளைவாக, கையில் சொத்துள்ளவர்தான் அந்தக் கதிரையில் வசதியாக இருக்கலாம் என்றாயிற்று. டெனிசன் ஓராண்டுக்கு மட்டும் நிரந்தர நியமனத்துக்கு இணங்கி, 1904இல் போய்விட்டார். அவருக்குப் பின் வந்த நோர்த்கோட் பிரபு பம்பாய் தேசாதிபதியாக இருந்தவர். மனைவி கனடாவின் ரயில் பாதைக் கோடீசுவரர் ஒருவரின் வளர்ப்பு மகள்.

விருந்தையே சுருக்கிக்கொண்டவர் ஒருவரைக் காண அந்த நாடு 1931 வரை காத்திருந்தது. ஏழைத் தையற்காரர் ஒருவரின் மகனான ஐசக் ஐசக்ஸ், அந்த மண்ணில் பிறந்த முதலாவது மகாதேசாதிபதி. உலகப் பொருளாதார மந்தத்தின் நடுவே பதவியேற்றார். சம்பளத்தை மாற்றக் கூடாது என்று சட்டம் இருந்தும் தாமாகவே ஒரு பகுதியை விட்டுக்கொடுத்தார். சிட்னி மாளிகையும் மெல்பேர்ண் மாளிகையும் வேண்டாமென்று கன்பராவில் ஒரே வீட்டில் இருந்தார். விருந்தின் அளவைக் குறைத்தால் நாட்டின் மானம் போய்விடாது என்று காட்ட, மேசைச் செலவை அறிந்த வீட்டிலிருந்து ஒருவர் வர வேண்டியிருந்தது.

நான் இப்போது உபசரணைச் செலவைப் பற்றி எழுதும்போது முன்புபோல் எழுதுவதில்லை. தொகை பெரிதா சிறிதா என்பது இரண்டாவது கேள்வி. அது புத்தகத்தில் இருக்கிறதா என்பதே முதலாவது. புத்தகத்தில் இருந்தால் ஒரு நாடாளுமன்றம் அதைக் குறைக்கலாம், ஒரு பத்திரிகைக்காரன் கேலி செய்யலாம், ஒரு வாக்காளர் கேட்கலாம். புத்தகத்தில் இல்லாத விருந்தும் நடக்கத்தான் செய்யும். அதன் செலவு ஒப்பந்தக்காரர் ஒருவரிடமிருந்து வரும், அல்லது ஏதோவொரு வீட்டின் சங்கிலியிலிருந்து வரும். முதலாவது நாட்டைக் கெடுக்கும். இரண்டாவது ஒரு குடும்பத்தை வருத்தும். பதில் கடமையாற்றுபவருக்குப் பெரும்பாலும் இரண்டாவதுதான் வாய்க்கும், அவர் நேர்மையானவராயின்.

சிலையடியில் நின்ற அன்று, காருக்குத் திரும்பி நடக்கும்போது தம்பி கேட்டான்: "அப்பான்ரை அந்தக் கொப்பி இன்னும் இருக்கோ?"

"இருக்கு. என்ரை மேசை லாச்சிக்குள்ளை."

"கடைசியா என்ன எழுதியிருக்கு?"

எனக்கு அது மனப்பாடம். மூன்று ஆண்டுகளின் பின் நிரந்தர அதிபர் வந்து பொறுப்பேற்ற நாளின் பதிவு. 'புதிய அதிபர். மாலை 1, சோடா 12, கேக், வடை.' செலவு நிரலில் தொகை. அதற்குக் கீழே நேர்கோடு ஒன்று அடித்து, வழக்கம்போல் கூட்டிப் பார்த்துக் கையெழுத்தும் வைத்திருக்கிறார்.

தம் இடத்துக்கு வந்தவரை வரவேற்ற செலவும் அப்பாவுடையதுதான்.